முதலில் கணக்கு, பிறகு கல்யாணம்



ஆவணி பிறந்துவிட்டால் கரமனையில் கல்யாணப் பேச்சுதான். மலையாளத்தில் அதைச் சிங்ங மாதம் என்பார்கள். ஆடி முடியக் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் பார்ப்பார்கள். ஆடிட்டோரியம் கிடைக்காது. சமையல்காரர் கிடைக்க மாட்டார். சாலைக் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது.

கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடும். வாழை மரம் வாடிவிடும். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் சில வீடுகளில் ஒன்று மட்டும் பிரியாமல் நிற்கும். அது கடன்.

இந்தக் கடன் எப்படி வருகிறது? எப்படி வராமல் தடுப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒரு வீடு

கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை மனதில் நினைத்துப் பாருங்கள். இது யாருடைய வீடும் இல்லை. பல வீடுகளைச் சேர்த்துக் காட்டும் ஒரு வீடு.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். மகள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு வயது 24. மகன் டிப்ளமோ படிக்கிறான். வீட்டில் ஆச்சியும் இருக்கிறார். அம்மாவைப் பெற்றவர்.

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் இரவு வகுப்புக்குப் போய் எழுதக் கற்றவர் ஆச்சி. அன்று முதல் பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவர் கையெழுத்துதான்.

மகளுக்கு நாகர்கோவிலில் ஒரு நல்ல இடம் அமைந்தது. அன்றே பெரியப்பா வந்தார். “தம்பி, இது நம்ம வீட்டு முதல் கல்யாணம். ஐநூறு இலையாவது போடணும். பதினைந்து பவனாவது போடணும். இல்லேன்னா ஊர் என்ன சொல்லும்?” என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆச்சி எழுந்து உள்ளே போனார். ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

“உன் கல்யாணத்துக்கு நாங்க ஒண்ணும் எழுதி வைக்கல” என்று மகளைப் பார்த்துச் சொன்னார். “எனக்கு எழுதத் தெரியும். ஆனா கல்யாணத்துக்குக் கணக்கு எழுதினா அபசகுனம்னு எல்லாரும் சொன்னாங்க. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்னு வாங்கினோம். கடைசியில ஆத்தோரம் இருந்த மூணு சென்ட் நிலம் போச்சு. அது உனக்கே தெரியும்.”

அம்மாவுக்குத் தெரியும். அந்த நிலத்தில் இப்போது வேறு யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். கடைக்குப் போகும்போது தினமும் அதைத் தாண்டித்தான் அவர் போகிறார்.

முதல் பக்கம்: கையில் எவ்வளவு?

பலர் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். முதலில் செலவை முடிவு செய்கிறார்கள். பிறகு பணம் தேடுகிறார்கள். அந்த வீட்டில் ஆச்சி அதைத் திருப்பிப் போட்டார். முதல் பக்கத்தில் வரவை மட்டும் எழுதச் சொன்னார்.

அஞ்சலகத் தொடர் வைப்பு: 1,05,000 ரூபாய்
கே.எஸ்.எஃப்.இ. சிட்டி: 1,50,000 ரூபாய்
மகளின் சேமிப்பு: 80,000 ரூபாய்
அப்பாவின் சேமிப்பு: 65,000 ரூபாய்
மொத்தம்: 4,00,000 ரூபாய்

அஞ்சலகத் தொடர் வைப்பு என்பது மாதாமாதம் பணம் கட்டும் முறை. 60 மாதம் கட்ட வேண்டும். மாதம் 100 ரூபாயில் கூடத் தொடங்கலாம். அந்த அம்மா மாதம் 1,500 கட்டினார். கே.எஸ்.எஃப்.இ. என்பது 1969-இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனம். பதிவு இல்லாத சீட்டில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். சீட்டுச் சேருமுன் பதிவு உண்டா என்று கேளுங்கள்.

முதல் பக்கத்தின் அடியில் ஆச்சி இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னார். “பையன் படிப்புக்கு 60,000. இதைத் தொடக் கூடாது.”

அந்த 60,000 கல்யாணக் கணக்கில் சேரவில்லை. அக்காவின் கல்யாணத்துக்காகத் தம்பியின் படிப்பு நிற்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் தொடக் கூடாத பணம் ஒன்று இருக்கும். மருந்துக்கு இருக்கலாம். வாடகைக்கு இருக்கலாம். அதை முதலிலேயே எழுதித் தனியாக வையுங்கள்.

இரண்டாம் பக்கம்: எதற்கு எவ்வளவு?

4,00,000 ரூபாய்தான் எல்லை என்று ஆயிற்று. பிறகு எல்லாரும் உட்கார்ந்து பங்கு போட்டார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் விலை மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் பாருங்கள்.

ஆடிட்டோரியம்: 60,000
சாப்பாடு, 300 இலை, இலைக்கு 250 வீதம்: 75,000
துணிமணி: 50,000
புது நகை, ஒரு பவன்: 90,640
அழைப்பிதழ்: 5,000
புகைப்படம், வீடியோ: 25,000
அலங்காரம், மேளம்: 30,000
நாகர்கோவிலுக்கு வண்டி: 12,000
பூஜைச் சாமான், மாலை, தட்சிணை: 12,000
கூட்டினால்: 3,59,640

மீதி 40,360 ரூபாய். “இதை எதுக்கு விட்டு வைக்கணும்? இன்னும் ஒரு பட்டு எடுக்கலாமே?” என்று மகள் கேட்டாள்.

“அது திடீர்ச் செலவுக்கு” என்றார் அம்மா. கல்யாண வீட்டில் திடீர்ச் செலவு வராமல் இருக்காது. மழை வரும். முப்பது பேர் கூடுதலாக வருவார்கள். பத்து ரூபாயில் ஒரு ரூபாயை அதற்கு ஒதுக்கி வைப்பது நல்லது.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் காலியாக விட்டார்கள். உண்மையில் எவ்வளவு செலவானது என்று அதில் எழுத வேண்டும். ஒரு வரியில் கூடினால் இன்னொரு வரியில் குறைக்க வேண்டும். கீழே உள்ள மொத்தம் மட்டும் மாறக் கூடாது. இதுதான் அந்த நோட்டின் சட்டம்.

எத்தனை இலை?

கல்யாணச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் இலைகளின் எண்ணிக்கைதான். ஆட்கள் கூடினால் சாப்பாடு கூடும். பெரிய மண்டபம் வேண்டும். அழைப்பிதழ் கூடும். வண்டி கூடும்.

அந்த வீட்டில் முதலில் எழுதிய பட்டியலில் 480 பேர் இருந்தார்கள். அதை எப்படி 300 ஆக்குவது? ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நம்ம வீட்டுல ஒரு கஷ்டம்னா ஓடி வர்றவங்க யாரு?” அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். பெரியப்பாவின் ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேர் போனார்கள். யாருக்குமே முகம் நினைவில் இல்லாத சொந்தக்காரர்கள் போனார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் புதிதாகச் சேர்ந்தார். முதல் பட்டியலில் அவரை எல்லாரும் மறந்திருந்தார்கள்.

கூட்டம் குறைந்தால் கல்யாணத்துக்கு மரியாதை குறையுமா? சற்று யோசித்துப் பாருங்கள். 2020-இல் கொரோனா வந்தது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று நாடு முழுவதும் கட்டுப்பாடு வந்தது. 2021 மே மாதம் கேரளத்தில் அது 20 பேர் என்று ஆனது. அந்த நாட்களில் கல்யாணம் செய்தவர்களும் இன்று குழந்தை குட்டிகளோடு வாழ்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த யோசனை கொரோனாவோடு வந்ததும் இல்லை. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் 1856-இல் பிறந்தவர் ஸ்ரீ நாராயண குரு. அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்குத் ‘தாலிகெட்டுக் கல்யாணம்’ என்று ஒரு சடங்கு நடக்கும். உண்மையான கல்யாணம் அதற்குப் பிறகு வேறாக நடக்கும். இப்படிச் சடங்குகளுக்குச் செலவு செய்தே குடும்பங்கள் அழிந்தன. அந்தச் சடங்கை விட்டுவிடச் சொன்னார் குரு. கல்யாணத்தை எளிமையாக நடத்தச் சொன்னார். மணமக்கள், பெற்றோர், தோழன், தோழி, புரோகிதர், ஊரில் ஒரு பெரியவர் என்று பத்துப் பேர் போதும் என்றார்.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று ஆர்யா ராஜேந்திரனுக்கும் சட்டமன்ற உறுப்பினர் சச்சின் தேவுக்கும் திருவனந்தபுரத்தில் திருமணம் நடந்தது. அப்போது ஆர்யா நகரத்தின் மேயராக இருந்தார். கரமனைக்கு அருகிலுள்ள முடவன்முகள் வார்டில் வென்று வந்தவர். மாலை மாற்றிக் கல்யாணம் முடிந்தது. பரிசு எதுவும் வேண்டாம் என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்தார்கள். கொடுக்க விரும்புகிறவர்கள் முதியோர் இல்லங்களுக்கோ முதலமைச்சரின் நிவாரண நிதிக்கோ கொடுக்கும்படி கேட்டுக் கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். “மேயர் செஞ்சா எளிமைன்னு சொல்லுவாங்க. ஆட்டோக்காரன் செஞ்சா கையில காசில்லைன்னு சொல்லுவாங்க.”

அது உண்மைதான். ஊர் அப்படித்தான் பேசும். அம்மா மெல்லப் பதில் சொன்னார். “சொல்லட்டும் அத்தான். காசில்லைன்னு ஒரு நாள் சொல்லுவாங்க. கடன்காரன்னா தினமும் சொல்லுவாங்க.”

பெரியப்பா அதற்குப் பிறகு ஐநூறு இலை என்று பேசவில்லை.

நகைக் கடைக்குப் போகுமுன்

ஒரு பவன் என்பது 8 கிராம். தங்கத்தின் விலை தினமும் மாறும். கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு பவன் தங்கம்: 80,000
பணிக்கூலி நூற்றுக்குப் பத்து: 8,000
கூட்டினால்: 88,000
ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு மூன்று: 2,640
கொடுக்க வேண்டியது: 90,640

அதே நகையை மறுநாள் விற்கப் போனால் பணிக்கூலியும் வரியும் திரும்பி வராது. வேலைப்பாடு கூடினால் பணிக்கூலியும் கூடும். ஆகவே விலை கேட்கும்போது “பணிக்கூலி எவ்வளவு?” என்று தனியாகக் கேளுங்கள். இரண்டு கடைகளில் கேளுங்கள். பில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நகையில் முத்திரை பாருங்கள். பி.ஐ.எஸ். அடையாளம் இருக்க வேண்டும். 22 காரட் என்றால் 916 என்ற எண் இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு ஒன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறியீடு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைத் தட்டினால் நகையின் விவரம் தெரியும். எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

அம்மாவிடம் பழைய சங்கிலியும் வளையலும் இருந்தன. எல்லாம் சேர்ந்து நான்கு பவன். அதை மெருகு போட்டு மகளுக்குக் கொடுத்தார். புதிதாக வாங்கியது ஒரு பவன் மட்டும்.

“உங்கள் இஷ்டம்” என்றால்?

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். “நாங்க ஒண்ணும் கேக்கல. உங்க பொண்ணுக்குப் போடுறது உங்க இஷ்டம்” என்றார்கள். பல வீடுகள் இந்த ஒரு வார்த்தையில்தான் விழுகின்றன. இஷ்டம் என்றதும் பதினைந்து பவனா, இருபது பவனா என்று பயம் வந்துவிடுகிறது.

அந்த அம்மா பயப்படவில்லை. “இஷ்டம்னு சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம். எங்க இஷ்டம் அஞ்சு பவன். நோட்டுல எழுதியாச்சு” என்றார். மாப்பிள்ளையின் தாயார் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளையே சொன்னார். “எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.”

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. சில இடங்களில் முகம் மாறும். சில இடங்களில் சம்பந்தமே நின்றுவிடும். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே முகம் மாறுகிறவர்கள், கல்யாணத்துக்குப் பின் மாற மாட்டார்களா? அதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே?

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. வரதட்சணை வாங்குவது குற்றம். கொடுப்பதும் குற்றம். கேட்பதும் குற்றம். வாங்கினாலும் கொடுத்தாலும் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை உண்டு. குறைந்தது 15,000 ரூபாய் அபராதமும் உண்டு. யாரும் கேட்காமல் அன்பாகக் கொடுக்கும் பரிசுக்குத் தடை இல்லை. ஆனால் பெண் வீட்டார் கொடுக்கும் பரிசு அவர்களுடைய பண நிலைக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கையில் இருப்பதைப் பார்த்துக் கொடு என்று ஆச்சி சொன்னதும் அதுதான்.

பரிசுகளைப் பட்டியலாக எழுத வேண்டும் என்று 1985-இல் விதி வந்தது. என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, யார் கொடுத்தது, அவர் என்ன உறவு என்று எழுத வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். பெண்ணுக்கு வந்த பரிசுகளின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். யாராவது தொல்லை கொடுத்தால் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது பெண்களுக்கான உதவி எண்.

வட்டி என்னும் கறையான்

நோட்டு எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐநூறு இலைக்காகவும் பெரிய மண்டபத்துக்காகவும் நகைக்காகவும் அந்த வீடு கடன் வாங்கியிருக்கும். இரண்டு லட்சம் என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். கணக்குப் போடுங்கள்.

ஒரு மாத வட்டி: 6,000
ஒரு வருட வட்டி: 72,000
மூன்று வருட வட்டி: 2,16,000

மூன்று வருடத்தில் வாங்கியதை விட அதிகமாகக் கட்டியாகிவிடும். ஆனாலும் முதல் இரண்டு லட்சம் அப்படியே நிற்கும். கறையான் கதவை அரிப்பது போல இது வீட்டை அரிக்கும். இந்த வட்டிக்காரர்களைக் கேரளத்தில் ‘பிளேடு’ என்று சொல்வது சும்மா இல்லை. அநியாய வட்டிக்கு எதிராக 2012-இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2014-இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்ற பெயரில் போலீஸ் சோதனைகள் நடந்தன. சட்டம் உதவிக்கு வரும். ஆனால் பெரும்பாலும் கடன் கழுத்தை நெரித்த பிறகுதான் வரும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வங்கியில் கேளுங்கள். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கேளுங்கள். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, பெண்கள் வாராவாரம் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ள வழி செய்தது. எங்கே வாங்கினாலும் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்யாணமும் அதன் பிறகும்

அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது. எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்ததா? இல்லை. காலையில் மழை பெய்தது. வாசலில் தகரப் பந்தல் போட 9,000 ஆனது. இலை 334 ஆனது. அதற்கு 8,500 கூடியது. மகள் ஆசைப்பட்ட புடவையால் துணிக்கணக்கு 6,000 கூடியது. மொத்தம் 23,500 கூடுதல். திடீர்ச் செலவுக்கு வைத்த 40,360-இல் அது அடங்கியது. 16,860 ரூபாய் மீதி வந்தது.

45 நாட்களுக்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2008 முதல் கேரளத்தில் இது எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். ஐநூறு இலை போட்டவருக்கும் ஐம்பது இலை போட்டவருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ்தான்.

மீதிப் பணத்தை அம்மா மகளிடம் கொடுத்தார். மகள் வாங்கவில்லை. “பணம் தம்பிக்கு இருக்கட்டும் அம்மா. எனக்கு அந்த நோட்டைத் தா” என்றாள். அம்மா கொடுத்தார். அதில் எழுதாத பக்கங்கள் இன்னும் நிறைய இருந்தன.

இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் ஐந்து வருடம் கழித்து நடக்கலாம். பத்து வருடம் கழித்தும் நடக்கலாம். முதல் பக்கத்தை இன்றே எழுதலாம். கையில் இருப்பது எவ்வளவு? தொடக் கூடாதது எவ்வளவு? மாதம் எவ்வளவு சேர்க்க முடியும்? இந்த மூன்று வரிகள் போதும்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்துக்குக் கணக்கு எழுதினீர்களா? கடன் ஆனதா? அது எப்போது தீர்ந்தது?

2. “ஊர் என்ன சொல்லும்?” என்று செய்த செலவு ஒன்றைச் சொல்லுங்கள்.

3. ஒரு இலை 250 ரூபாய். 480 இலைக்கு எவ்வளவு? 300 இலைக்கு எவ்வளவு? மிச்சம் எவ்வளவு? எழுதிப் பாருங்கள்.